விடியும்வரை எரியுமா? சார்புகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

இரவு 10 மணிக்கு மின்சாரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அதன் நீளம் 20 செ.மீ. பொழுது விடிவது காலை 6 மணிக்கு. அதுவரை இது தாங்குமா?

பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் விடை தானாகத் தெரிந்துவிடும். ஆனால் வர்த்தி அணைந்த பிறகு தெரிந்து என்ன பயன்? முன்கூட்டியே தெரிய வேண்டும். அதனால் 11 மணிக்கு அளவுகோலை எடுத்து அளக்கிறோம். 17.5 செ.மீ. இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 2.5 செ.மீ. கரைந்திருக்கிறது. வர்த்தி மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், அறையில் காற்றும் இல்லை. அப்படியென்றால் அடுத்த மணியிலும் 2.5 செ.மீ. குறையும், அதற்கடுத்த மணியிலும் அதேதான் என்று எதிர்பார்க்கலாம். எழுதிப் பார்ப்போம்.

நீளம் = 20 − 2.5 × மணி

இங்கே 'மணி' என்பது வர்த்தியைக் கொளுத்தி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது. 3 மணி நேரம் ஆனால் 20 − 7.5, அதாவது 12.5 செ.மீ. மிச்சம். 8 மணி நேரம் ஆனால் 20 − 20, மிச்சம் ஒன்றுமில்லை. 10 மணிக்குக் கொளுத்தியது சரியாக 6 மணிக்கு அணையும். நூலிழையில் தப்பிக்கலாம் போலத் தெரிகிறது. உண்மையிலேயே தப்பிக்கிறோமா என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

நாம் இப்போது எழுதியதற்குக் கணிதத்தில் சார்பு என்று பெயர். ஆங்கிலத்தில் ஃபங்ஷன். அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது, 'செயல்' என்று பொருள். முதல்முறை கேட்பவருக்கு அது எதையும் உணர்த்துவதில்லை. தமிழ்ச் சொல் அப்படியில்லை. சார்ந்திருப்பது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. வர்த்தியின் நீளம் நேரத்தைச் சார்ந்திருக்கிறது. நேரத்தைச் சொன்னால் நீளத்தைச் சொல்லிவிடலாம். "எது எதைச் சார்ந்து மாறுகிறது?" என்று கேட்கப் பழகிவிட்டாலே இந்தப் பாடத்தில் பாதி முடிந்துவிட்டது என்பேன்.

ஒன்று கொடுத்தால் ஒன்றே ஒன்று

இரண்டு அளவுகளுக்கு நடுவே ஏதோ தொடர்பு இருந்தால் மட்டும் போதாது. சார்பு என்று சொல்ல ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. உள்ளே ஒரு மதிப்பைக் கொடுத்தால் வெளியே ஒரே ஒரு மதிப்புதான் வர வேண்டும். வராமலும் இருக்கக் கூடாது, இரண்டாகவும் வரக் கூடாது.

ஒரு மனிதரின் பெயரைச் சொல்லி, "இவரைப் பெற்ற தாய் யார்?" என்று கேளுங்கள். யாருக்குக் கேட்டாலும் விடை ஒருவர்தான். ஆகவே இது சார்பு. திருப்பிப் போட்டு, "இவர் பெற்ற பிள்ளை யார்?" என்று கேளுங்கள். சிலருக்கு மூன்று பேர், சிலருக்கு ஒருவருமில்லை. இது சார்பாகாது. தொடர்பு அதே தொடர்புதான், திசை மாறியதும் குணம் மாறிவிட்டது.

முதல் கேள்வியில் அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரே விடை வருமே, அது பரவாயில்லையா? பரவாயில்லை. வேறு வேறு உள்ளீடுகள் ஒரே வெளியீட்டுக்குப் போய்ச் சேரலாம். ஒரே உள்ளீடு இரண்டு இடத்துக்குப் போகத்தான் கூடாது. தொடக்கத்தில் பலரும் தடுமாறும் இடம் இது. அதனால் கணக்கோடு ஒன்றைப் பார்த்துவிடுவோம்.

ஒரு பந்தை நேராக மேலே எறிகிறீர்கள். கையை விட்டுக் கிளம்பும்போது அதன் வேகம் நொடிக்கு 19.6 மீட்டர். காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதன் உயரம் இப்படி மாறும்.

உயரம் = 19.6 × நொடி − 4.9 × நொடி × நொடி

1 நொடியில் 14.7 மீட்டர். 2 நொடியில் 19.6 மீட்டர், அதுதான் உச்சி. 3 நொடியில் மறுபடியும் 14.7 மீட்டர். 4 நொடியில் கைக்கே திரும்பி வந்துவிடும். எந்த நொடியைக் கேட்டாலும் பந்து ஓர் உயரத்தில்தான் இருக்கும், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது. ஆகவே உயரம் என்பது நேரத்தின் சார்பு. இப்போது திருப்புங்கள். "பந்து 14.7 மீட்டரில் இருந்தபோது நேரம் என்ன?" ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை என்று இரண்டு விடை. நேரம் என்பது உயரத்தின் சார்பு ஆகவில்லை.

மெழுகுவர்த்தியைத் திருப்பினால் இந்தச் சிக்கல் வராது. நீளம் 10 செ.மீ. என்றால் கொளுத்தி 4 மணி நேரம் ஆகியிருக்கிறது, வேறு விடை கிடையாது. வர்த்தியைப் பார்த்தே மணி சொல்லிவிடலாம். இப்படித் திருப்பினாலும் சார்பாகவே நிற்பவற்றுக்கு நேர்மாறு உண்டு என்பார்கள். குறைந்துகொண்டே போவதும் கூடிக்கொண்டே போவதும் திரும்பும். ஏறி இறங்குவது திரும்பாது.

வரைபடத்தில் இதைக் கண்ணாலேயே சோதிக்கலாம். கிடை அச்சில் உள்ளீடு, செங்குத்து அச்சில் வெளியீடு. ஓர் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். எந்த இடத்திலாவது அது கோட்டை இரண்டு புள்ளிகளில் வெட்டினால் அது சார்பின் வரைபடமல்ல. வட்டம் இந்தச் சோதனையில் தோற்றுவிடும்.

எழுதும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடப்புத்தகத்தில் இதை எஃப் ஆஃப் எக்ஸ் என்று எழுதுவார்கள். ஓர் எழுத்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னோர் எழுத்து. அடைப்புக்குறியைப் பார்த்ததும் பெருக்கல் என்று நினைக்கும் மாணவர்கள் ஏராளம். அது பெருக்கல் இல்லை. நீளம்(3) என்று எழுதினால், '3 மணி நேரத்தில் நீளம்' என்று படிக்க வேண்டும், அவ்வளவுதான். உயரம்(2) என்றால் 2 நொடியில் உயரம். முதலில் சில நாள் இப்படிச் சொற்களாகவே எழுதிப் பழகுவது நல்லது. ஒற்றை எழுத்துகள் அப்புறம் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சூத்திரம் கட்டாயமா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் சார்பு என்றாலே சூத்திரம் என்ற எண்ணம் பலருக்குப் பள்ளியோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது.

கணித அறிஞர்களுக்கே இது தெளிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 'ஃபங்ஷன்' என்ற சொல்லை லைப்னிட்ஸ் 1673இல் வளைகோடுகளைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். அடைப்புக்குறி போட்டு எழுதும் முறையை ஆய்லர் 1734இல் கொண்டுவந்தார். அவர்கள் காலத்தில் சார்பு என்றால் பெரும்பாலும் ஒரு சூத்திரம்தான். 1837இல் டிரிக்லே என்ற ஜெர்மன் கணித அறிஞர், சூத்திரம் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை, ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் திட்டமான ஒரு வெளியீடு இருந்தால் போதும் என்ற பார்வையை முன்வைத்தார். இன்று நாம் சொல்லும் வரையறைக்கு அடித்தளம் அதுதான்.

உங்கள் வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது உள்ளீடு, கேட்டால் நீங்கள் சொல்லும் வயது வெளியீடு. 29ஆவது பிறந்தநாளுக்கு மறுநாளும் 29 என்பீர்கள், அடுத்த பிறந்தநாளுக்கு முதல்நாளும் 29 என்பீர்கள். ஓர் இரவு கழிந்ததும் திடீரென்று 30. வரைபடம் போட்டால் மாடிப்படி போல இருக்கும். கூட்டல், கழித்தல், பெருக்கலை மட்டும் வைத்து இதை எழுத முடியாது. ஆனாலும் இது குறையில்லாத சார்பு. வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஒரு நிமிடம் ஆனாலும் இரண்டு மணி நேரக் கட்டணம் கேட்பதும் இதே படிதான்.

ஓர் அட்டவணை சார்பாக இருக்கலாம். மருத்துவமனையில் மணிக்கொரு முறை எழுதிவைக்கும் காய்ச்சல் குறிப்பு சார்புதான், அதற்கு யாரிடமும் சூத்திரம் கிடையாது.

மாற்றம் எப்படி மாறுகிறது?

சரி, வாழ்க்கையில் எதிர்ப்படும் ஒன்றுக்குச் சார்பை எப்படிக் கண்டுபிடிப்பது? மாதிரி அமைத்தல் என்று சொல்வது இதைத்தான். நான் முதலில் பார்ப்பது அளவுகளை அல்ல, அளவுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை. மெழுகுவர்த்தியில் 20, 17.5, 15, 12.5 என்று வரும்போது ஒவ்வொரு இடைவெளியும் 2.5. இடைவெளி மாறாமல் இருந்தால் வரைபடம் நேர்கோடு, சார்பு நேரிய சார்பு. ஒரே சீராகத் தண்ணீர் விழும் தொட்டி, ஒரே வேகத்தில் ஓடும் ரயில், செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவது எல்லாம் இந்த வகை. இதில் புதிர் எதுவும் இல்லை. தொடக்க அளவு என்ன, ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு மாறுகிறது என்று இரண்டு எண் தெரிந்தால் போதும்.

சூடான தண்ணீர் ஆறுவதைப் பாருங்கள், கதை வேறு. அறையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். ஒரு மூடிய குவளையில் 90 டிகிரித் தண்ணீர். 10 நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியில் பார்த்து எழுதினால் ஏறக்குறைய இப்படி ஒரு வரிசை வரலாம்: 90, 70, 56.7, 47.8, 41.9.

இடைவெளிகள் 20, 13.3, 8.9, 5.9. மாறிக்கொண்டே வருகின்றன, ஆகவே நேர்கோடு இல்லை. முதல் 10 நிமிடத்தில் 20 டிகிரி இறங்கியதை வைத்து நேர்கோடு போட்டிருந்தால், 40 நிமிடத்தில் தண்ணீர் 10 டிகிரிக்குப் போயிருக்கும் என்று அது சொல்லும். 30 டிகிரி அறையில் வைத்த தண்ணீர் தானாக 10 டிகிரிக்குப் போகவே போகாது.

இங்கே பார்க்க வேண்டியது தண்ணீருக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசம். ஒவ்வொன்றிலும் 30ஐக் கழித்துவிடுங்கள்: 60, 40, 26.7, 17.8, 11.9. இப்போது ஒன்றை அடுத்ததோடு ஒப்பிடுங்கள். 60இல் மூன்றில் இரண்டு பங்கு 40. 40இல் மூன்றில் இரண்டு பங்கு 26.7. 26.7இல் மூன்றில் இரண்டு பங்கு 17.8. ஒவ்வொரு 10 நிமிடத்துக்கும் வித்தியாசம் அதே பங்காகக் குறைகிறது. கழிப்பது மாறுகிறது, பெருக்குவது மாறவில்லை. இந்த வகைக்கு அடுக்குக்குறிச் சார்பு என்று பெயர். வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது வேகமாக ஆறும், சிறிதானதும் மெல்ல ஆறும் என்ற இந்த விதியை நியூட்டன் 1701இல் வெளியிட்டார்.

இதை வைத்து என்ன செய்யலாம்? தண்ணீர் 50 டிகிரிக்கு எப்போது வரும் என்று கேட்கலாம். 50 என்றால் வித்தியாசம் 20. 20 நிமிடத்தில் வித்தியாசம் 26.7, 30 நிமிடத்தில் 17.8. ஆகவே இரண்டுக்கும் நடுவில். வரைபடத்தில் மெல்லிய வளைகோடு போட்டுப் படித்தால் ஏறக்குறைய 27 நிமிடம் என்று வரும். மடக்கை (ஆங்கிலத்தில் லாகரிதம்) தெரிந்தவர்கள் கணக்குப் போட்டாலும் அதே 27தான். ஒருபோதும் அளக்காத ஒரு நிமிடத்துக்கு விடை கிடைக்கிறது பாருங்கள், எனக்கு இன்றைக்கும் பிடித்த இடம் இதுதான்.

குவளை மூடியிருக்கிறது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. திறந்த குவளையில் ஆவியாவதாலும் சூடு போகும். தொடக்கத்தில் தண்ணீர் இந்த விதி சொல்வதைவிட வேகமாக ஆறிவிடும்.

அதே அடுக்குக்குறி வளரும் திசையிலும் போகும். உகந்த சூழலில் ஈ. கோலை என்ற பாக்டீரியா சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். ஒன்றில் தொடங்கினால் 10 மணி நேரத்தில் 30 முறை இரட்டித்து, 107 கோடியைத் தாண்டும்.

நிற்பதற்கு எத்தனை மீட்டர் வேண்டும்?

வண்டி ஓட்டுகிற எல்லோரும் ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. முன்னால் ஏதோ குறுக்கே வருகிறது. நீங்கள் பார்த்த கணத்திலிருந்து வண்டி முழுவதும் நிற்கும்வரை எவ்வளவு தூரம் போகும்? இது வேகத்தின் சார்பு. இதற்குள் இரண்டு துண்டு இருக்கிறது.

முதல் துண்டு, கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்கை மிதிக்கும்வரை ஆகும் நேரம். 1 நொடி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நொடியும் வண்டி அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் 10 மீட்டர் போய்விட்டது, பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கவில்லை.

இரண்டாவது துண்டு, பிரேக் பிடித்ததிலிருந்து நிற்கும்வரை. காய்ந்த சாலை, நல்ல பிரேக். ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 7 மீட்டர் வீதம் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது பிரேக் தூரம், வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி 14ஆல், அதாவது 7இன் இரண்டு மடங்கால், வகுத்தால் வருவது. இரண்டையும் கூட்டினால் முழுத் தூரம்.

தூரம் = வேகம் + (வேகம் × வேகம்) ÷ 14

மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். அதில் 10 + 7.1, மொத்தம் 17.1 மீட்டர். மணிக்கு 72 என்றால் நொடிக்கு 20. அதில் 20 + 28.6, மொத்தம் 48.6 மீட்டர். மணிக்கு 108 என்றால் நொடிக்கு 30. அதில் 30 + 64.3, மொத்தம் 94.3 மீட்டர்.

வேகம் இரண்டு மடங்கானபோது முதல் துண்டு இரண்டு மடங்கானது, பிரேக் துண்டு நான்கு மடங்கானது. வேகம் மூன்று மடங்கானபோது பிரேக் துண்டு ஒன்பது மடங்கு. "கொஞ்சம் வேகமாகத்தானே போகிறோம்" என்று மனம் நேர்கோட்டில் கணக்குப் போடுகிறது. சாலை நேர்கோட்டில் கணக்குப் போடுவதில்லை. இந்தச் சார்பை ஒருமுறை வரைந்து பார்த்த பிறகு முன்னால் போகும் வண்டிக்கு விடும் இடைவெளி தானாகக் கூடும் என்று நம்புகிறேன்.

இடைவெளிச் சோதனையை இங்கேயும் செய்து பார்க்கலாம். 0, 17.1, 48.6, 94.3. இடைவெளிகள் 17.1, 31.5, 45.7. மாறுகின்றன. பெருக்கும் பங்கும் நிலையாக இல்லை. ஆனால் இடைவெளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள்: இரண்டு இடத்திலும் ஏறக்குறைய 14.3. இடைவெளியின் இடைவெளி மாறாமல் நின்றால் அது இருபடிச் சார்பு. மேலே எறிந்த பந்தும் இதே குடும்பம்தான், வேண்டுமானால் அதையும் சோதித்துப் பாருங்கள்.

சாலை ஈரமாகி, வேகம் குறையும் வீதம் 7இலிருந்து 3.5ஆகப் பாதியானால் 14 இருந்த இடத்தில் 7 வரும். பிரேக் தூரம் இரட்டித்துவிடும். தூக்கக் கலக்கத்தில் எதிர்வினைக்கு 2 நொடி ஆனால் முதல் துண்டு இரட்டிக்கும். சூத்திரத்தின் வடிவம் மாறவில்லை, அதிலுள்ள எண்கள் மட்டும் சூழலுக்கு ஏற்ப மாறுகின்றன. மாதிரி அமைப்பதில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கும். வடிவத்தைக் காரணத்திலிருந்து எடுக்கிறோம், எண்களை அளந்து எடுக்கிறோம்.

எதுவரைக்கும் செல்லும்?

மெழுகுவர்த்தியிடம் திரும்புவோம். 10 மணி நேரம் ஆனால் நீளம் எவ்வளவு? சூத்திரம் சற்றும் தயங்காமல் −5 செ.மீ. என்று சொல்லும். அப்படி ஒரு வர்த்தி கிடையாது. சூத்திரத்தில் தவறில்லை, நாம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம். இந்தச் சார்புக்கு 0 முதல் 8 மணி நேரம் வரைதான் பொருள் உண்டு. உள்ளீடாக எதையெல்லாம் கொடுக்கலாம் என்ற இந்தத் தொகுதிக்கு மதிப்பகம் என்று பெயர். வெளியே வரக்கூடியவற்றின் தொகுதிக்கு வீச்சகம். இங்கே அது 0 முதல் 20 செ.மீ. வரை. பள்ளியில் இவற்றை வரையறையாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் மாதிரிகள் தவறாகப் போகும் இடங்களில் பெரும்பாலும் யாரோ மதிப்பகத்தைக் கவனிக்கத் தவறியிருப்பார்கள். அந்த பாக்டீரியா கணக்கை அப்படியே விட்டால் இரண்டே நாளில் அதன் எடை பூமியின் எடையைத் தாண்டிவிடும். உணவும் இடமும் தீர்ந்ததும் அந்தச் சார்பு முடிந்துவிடுகிறது.

தினமும் நம் கையில் இருக்கும் ஓர் உதாரணம் கைபேசி பேட்டரி. 20 சதவீதத்தில் சார்ஜ் போட்டீர்கள், 30 நிமிடத்தில் 50 சதவீதம் வந்துவிட்டது. நிமிடத்துக்கு 1 சதவீதம். அப்படியானால் 100 வர இன்னும் 50 நிமிடம்? அந்தக் கணக்கை நம்பி வெளியே கிளம்பினால் ஏமாற்றம்தான். லித்தியம் அயனி பேட்டரிக்கு முதலில் மாறாத மின்னோட்டம் கொடுப்பார்கள், மின்னழுத்தம் அதன் உச்சவரம்பைத் தொட்டதும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். கடைசிப் பகுதி இழுத்துக்கொண்டே போவது அதனால்தான். இதற்குப் பொருத்தமான மாதிரி ஒரே கோடு அல்ல. ஓர் எல்லைவரை நேர்கோடு, அதன் பிறகு தட்டையாகிக்கொண்டே போகும் வளைகோடு என்று இரண்டு துண்டாக வரையறுத்த சார்பு. அப்படி எழுதுவது முற்றிலும் சரி.

சில்வண்டு சொல்லும் வெப்பநிலை

1897இல் ஏமஸ் டால்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், சில்வண்டு கத்துவதை எண்ணி வெப்பநிலையைச் சொல்லலாம் என்று ஒரு சூத்திரம் வெளியிட்டார். ஒரு நிமிடத்தில் கேட்கும் கீச்சொலிகளை எண்ணுங்கள். அதிலிருந்து 40ஐக் கழித்து, 4ஆல் வகுத்து, 50ஐக் கூட்டுங்கள். ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலை. 120 கீச்சு என்றால் 80ஐ 4ஆல் வகுத்து 20, அதோடு 50 சேர்த்து 70 டிகிரி.

நமக்கு செல்சியஸில்தான் பழக்கம் என்றால் இன்னொரு சார்பு இருக்கிறது. 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுக்க வேண்டும். 70 உள்ளே போனால் 21.1 வெளியே வரும். முதல் சார்பின் வெளியீட்டை இரண்டாவதன் உள்ளீடாகக் கொடுத்தோம். இதற்குச் சார்புகளின் சேர்ப்பு என்று பெயர். வரிசையை மாற்றக் கூடாது. கீச்சு எண்ணிக்கையை முதலில் செல்சியஸ் சூத்திரத்தில் போட்டால் பொருளற்ற ஓர் எண்தான் கிடைக்கும்.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. உண்மையில் எது எதைச் சார்ந்தது? வெப்பம் கூடுவதால்தான் பூச்சி வேகமாகக் கத்துகிறது. பூச்சி கத்துவதால் ஊர் சூடாவதில்லை. ஆனால் சூத்திரமோ கீச்சைக் கொடுத்தால் வெப்பநிலையைத் தருகிறது. சார்புக்குக் காரணம் எது, விளைவு எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் உள்ளே இது, வெளியே அது. காரணத்தைத் தேடுவது நம் வேலை. ஒரு செய்தியில் இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறுவதாக வரைபடம் போட்டுக் காட்டும்போது இதை நினைத்துக்கொள்வது நல்லது.

மதிப்பகம் இங்கேயும் உண்டு. பூச்சி கத்தவே இல்லை, கீச்சு 0. சூத்திரம் 40 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 4.4 டிகிரி செல்சியஸ் என்று சொல்லும். பூச்சி வேறு ஏதோ காரணத்தால் சும்மா இருந்திருக்கலாம். எல்லா வகைச் சில்வண்டும் ஒரே வேகத்தில் கத்துவதும் இல்லை.

மறுபடியும் அந்த இரவு

11 மணிக்கு அளந்தபோது 17.5 செ.மீ. என்று எழுதினோம். மெழுகு வழிந்து, திரி நுனி கருகி, சுடர் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே படிக்காமல் இருக்க முடியாது. உண்மையான நீளம் 17.4ஆக இருந்தால் மணிக்கு 2.6 செ.மீ. கரைகிறது, வர்த்தி 5:42க்கு அணையும். 17.6ஆக இருந்தால் மணிக்கு 2.4தான், 6:20 வரை நிற்கும். ஒரு மில்லிமீட்டர் பிசகு ஏழு மணி நேரம் தள்ளி 38 நிமிட இடைவெளியாக விரிந்துவிட்டது. 'சரியாக 6 மணி' என்று நாம் சொன்னதற்கு உண்மையில் அவ்வளவு உறுதி இல்லை.

ஆகவே 12 மணிக்கு இன்னொரு முறை அளக்கிறோம். 14.8 செ.மீ. முதல் கணக்குப்படி 15 இருந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் 5.2 செ.மீ., ஆக மணிக்கு 2.6. மிச்சமிருக்கும் 14.8ஐ 2.6ஆல் வகுத்தால் 5.69 மணி நேரம், 5:42 ஆகிறது. இங்கேயும் ஒரு மில்லிமீட்டர் பிசகை அனுமதித்தால் 5:33க்கும் 5:51க்கும் நடுவே. இடைவெளி 38 நிமிடத்திலிருந்து 18 நிமிடமாகச் சுருங்கிவிட்டது. கூடுதல் நேரம் கழித்து அளந்ததால் அதே மில்லிமீட்டர் பிசகு இரண்டு மணி நேரத்தில் பங்காகிவிட்டது. முன்பு வந்த 5:42 முதல் 6:20 என்ற கணிப்போடு சேர்த்துப் பார்த்தால் இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 5:42 முதல் 5:51 வரை.

இரண்டாவது அளவு காட்டும் எந்தக் கணக்கிலும் இந்த வர்த்தி 6 மணியைத் தொடவில்லை. மிக மோசமாகப் போனால் 27 நிமிடம் குறைகிறது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் அரை மணி நேரம் அணைத்து வைத்துவிட்டு மறுபடியும் கொளுத்தினால் விடியும்வரை வெளிச்சம் இருக்கும்.